தூதுவளையின் மூன்று இலை

மழை விட்டுப் பத்துப் பதினைந்து நாளில் வேலிமேல் நீளும் தூதுவளைக் கொழுந்துக்கு ஈடாக வேறெந்தக் கீரையையும் நான் சொல்ல மாட்டேன். சளி பிடித்தால் மட்டும் இதைத் தேடுகிறவர்களோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. கரிசலாங்கண்ணியோடு சேர்த்து வள்ளலாரே போற்றிய மூலிகைதான். இருந்தாலும், மருந்தென்று கண்ணை மூடி விழுங்கினால் ருசி எப்படித் தெரியும்?

காங்கேயம் பக்கம், அம்மாவைப் பெற்ற அமுச்சியின் மேய்ச்சல் கொறங்காட்டைச் சுற்றி முள்கிளுவை வேலி. அதில் படர்ந்த கொடியில்தான் எங்கள் பறிப்பு. கிளுவை முள் நேராகக் குத்தும். தூதுவளை முள் கொக்கி, நுழைந்த கையை லேசில் விடாது. மாட்டிக்கொண்டால் அமுச்சி பின்னுக்கு இழுக்க மாட்டார். முள் வளைந்த போக்கிலேயே கையைச் சற்றுத் தள்ளி, அப்புறம் விலக்குவார். "நுனியில மூணு எலை போதுங் கண்ணு, கொடிய இழுத்துப்போடாத" என்பார். அதற்குக் கீழே இலை தடித்து, முள்ளும் விறைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் இலையைக் கவிழ்த்து உள்ளங்கையில் வைத்து, நடுநரம்பில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவார். ஒரே ஓட்டம். முள்ளெல்லாம் நகத்தடியில் சேர்ந்துவிடும், இலை கிழியாது. நான் கத்தரிக்கோலால் நறுக்கிப் பார்த்துவிட்டேன், முள்ளோடு பாதி இலை போய்விடுகிறது. அந்த நகம் எனக்கு வாய்க்கவில்லை.

ரசம் வைப்பவர்களை ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் மிளகும் பூண்டும் முந்திக்கொள்ளும் கிண்ணத்தில் இலைக்கு இடமேது? துவையல்தான் அதற்குச் சரி. நெய்யில் இலை சுருளும்வரை வதக்கி, வறுத்த உளுந்து, மிளகாய், துளி புளி, உப்பு சேர்த்து அம்மியில் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தேங்காய் கூடாது, அது அந்த மெல்லிய கைப்பை மழுக்கிவிடும். சுடுசோற்றில் பிசைந்தால் முதலில் நெய், அப்புறம் காரம், கடைசியில் அடிநாக்கில் கைப்பு, அதன்மேல் குடிக்கும் தண்ணீர்கூட இனிக்கும்.

இப்போது கடையில் பொடியாகக் கிடைக்கிறது. பச்சை மணம் துளியும் இல்லை. சந்தைக்கு வரும் கட்டில் முற்றிய தண்டே பாதி. கொடியை வேரோடு இழுத்திருக்கிறார்கள், அடுத்த மழைக்கு அங்கே என்ன துளிர்க்கும்? எங்கள் காட்டிலும் மூன்று பக்கம் கம்பிவேலி வந்துவிட்டது. கிணற்றோரம் மட்டும் பழைய கிளுவை நிற்கிறது. போன கார்த்திகையில் அங்கே ஊதாப் பூவோடு ஒரு கொடி. மூன்று மூன்று இலையாகக் கிள்ளி ஒரு கைப்பிடி தேறியது. வதக்கினால் ஒரு எலுமிச்சையளவு, இரண்டு பேருக்குக் காணும்.