கூலிப் பத்தி இல்லாத பேரேடு

சிறைத் தொழில் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்பதைக் கல்கத்தாவில் ஒரு கொள்கையாகவே வகுத்தவர் டாக்டர் எஃப். ஜே. மூவாட். 1855 முதல் கீழ் வங்காளச் சிறைகளின் தலைமை ஆய்வாளர். அவர் கொள்கைக்கு உரைகல், கைதிகள் கோணி நெய்த அலிப்பூர் சிறை.

அவருக்குரிய பெருமையை முதலில் கொடுத்துவிடலாம். மிதிசக்கரம் போல உடலை வதைப்பதற்கென்றே இருந்த வீண் உழைப்பை அவர் ஏற்கவில்லை. விடுதலையானவன் பிழைக்க ஒரு தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்றார். அந்தக் காலத்துக்கு இது சிறிய முன்னேற்றமல்ல.

பிழை கணக்கில் இருக்கிறது. சாக்கு விற்ற காசில் சணலின் விலையைக் கழித்தால் மிச்சம் லாபம். நெய்தவனுக்குக் கூலி என்ற பத்தியே இல்லை. அத்தகைய பேரேட்டில் எந்தத் தொழிலும் செழிக்கும். போட்டியென்று முறையிட்ட தனியார் சணல் ஆலைகளும் தம் சந்தைக்காகவே பேசின. கைதியின் கூலி இரு தரப்புக்கும் பொருட்டல்ல. நோக்கங்களும் ஒன்றோடொன்று இசையவில்லை: லாபம் தேர்ந்த கையைத் தறியிலேயே நிறுத்தப் பார்க்கும், சீர்திருத்தம் தேராத கைக்குத் தறியைக் கொடுக்கும்.

விடுபட்ட பத்தியை உச்ச நீதிமன்றம் 1998-இல் குஜராத் வழக்கில் எழுதியது: கடுங்காவல் கைதியிடம் வேலை வாங்கலாம், நியாயமான கூலி தர வேண்டும். கோட்பாடு திடமானது; கூலி விகிதத்தை மாநிலங்களிடம் விட்டது தளர்ச்சி. எந்த வேலை யாருக்கு என்ற கேள்வி 2024 அக்டோபர் வரை காத்திருந்தது. துப்புரவுக்கு மேத்தர், ஹாரி சாதியினரைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன மேற்கு வங்க விதி உட்பட, சிறைகளில் சாதிவழி வேலைப் பிரிவினை செல்லாது என்று அந்நீதிமன்றம் அறிவித்தது. வெளியே கூட்டியவர் உள்ளேயும் கூட்ட வேண்டுமென்றால், சிறை கற்பித்த தொழில் எது?

ஆக, பயனுள்ள வேலை என்ற அளவில் மூவாட்டின் முறை நிற்கும். லாபம் என்ற அவர் அளவுகோல் நிற்காது. வெளியே அதே வேலைக்குரிய கூலியைச் செலவில் எழுதிய பிறகு மிஞ்சுவதே லாபம். அப்படி எழுதி நட்டம் வந்தால், அது சீர்திருத்தத்துக்கு அரசு தர வேண்டிய விலை. கைதியின் தலையில் கட்டத் தக்கதல்ல.