மரமும் கையும் நூலும்: சிலிபின் மாணவி ஒருவரின் கைவினை நூலை முன்வைத்துச் சில திறனாய்வுக் குறிப்புகள்

முன்னுரை

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் இணைத்துக் காட்டும் உவமை ஒன்று நன்னூற் பாயிரத்தில் இடம்பெற்றுள்ளது. சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவளது கையாகவும், மதியைக் கதிராகவும் அவ்வுவமை நிறுத்துகின்றது. நூலாக்கம் கைத்தொழிலோடு ஒப்புநோக்கி உணரத்தக்கது என்னும் எண்ணம் நம் இலக்கண மரபில் வேரூன்றியிருப்பதை இது காட்டும். ஆயினும் இன்று நாம் நூலைத் திறனாயும்போது சொல்லை மட்டுமே நோக்குகின்றோம். தாள், தையல், எழுத்தின் வடிவம், பக்கம் புரளும் முறை ஆகியவற்றை அச்சகத்தாரின் பொறுப்பு என்று விட்டுவிடுகின்றோம்.

ஈப்போ, சிலிபினில் வளர்ந்த ஓவியக்கலை மாணவி ஒருவர் தம் படிப்பின் நிறைவுப் பணியாகச் செய்த கைவினை நூலொன்றும், அதனோடு அவர் எழுதி அளித்த சிந்தனைக் குறிப்பும் அண்மையில் நம் பார்வைக்கு வந்தன. பேராக் மாநிலத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய தம் பாட்டியின் தொழிலே நூலின் பொருள். மாணவியின் பெயரை இங்குத் தவிர்க்கின்றோம். அவர் நூலில் கண்ட சிறப்பையும் குறையையும் எடுத்துரைப்பதும், அவை தமிழாசிரியர்களாகிய நம்மிடம் எழுப்பும் வினாக்களை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் அமைப்பு

இருபத்து நான்கு பக்கங்களைக் கொண்ட இந்நூல் ஐந்து படிகளே செய்யப்பட்டுள்ளது. லினோலியத் தகட்டில் உளியால் செதுக்கி, மை தடவி, கையால் அழுத்தி எடுக்கப்பட்ட படங்கள் பக்கங்களை நிறைக்கின்றன. தாள்கள் நடுவே ஐந்து துளையிட்டு நூலால் தைக்கப்பட்டுள்ளன. மலாய் மொழியில் சுருக்கமான விளக்கவுரை உண்டு. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், நிரை ஆகிய நான்கு தமிழ்ச் சொற்கள் பெரிய எழுத்தில் படங்களோடு சேர்த்துச் செதுக்கப்பட்டுள்ளன. உருளையில் இட்டு எடுத்த ரப்பர்த் தகடு மேலட்டையாக அமைந்துள்ளது.

இந்நூலின் தலையாய சிறப்பு பக்க அமைப்பில் உள்ளது. பால்மரத்தின் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து சரிவாகச் செல்லும். மரப்பட்டையிலுள்ள பால்குழாய்கள் எதிர்த்திசையில் சற்றே சாய்ந்து மேலேறுவதால், இச்சரிவு கூடுதலான குழாய்களை வெட்டிப் பாலைப் பெருக்குகின்றது. ஒவ்வொரு வெட்டிலும் பட்டையின் மெல்லிய சீவல் ஒன்று நீங்க, வெட்டுக்கோடு சிறிது சிறிதாகக் கீழிறங்குகின்றது. ஆண்டுகள் சென்றபின் வெட்டிய பரப்பில் புதுப்பட்டை வளர்கின்றது. அதனை மீண்டும் வெட்டலாம்.

மாணவி இச்செயலையே தம் நூலின் ஒழுங்காக ஏற்றுக்கொண்டுள்ளார். முதற் பக்கத்தில் மேலே தொடங்கும் சாய்கோடு, பக்கந்தோறும் சிறிது தாழ்ந்து, இருபத்திரண்டாம் பக்கத்தில் அடியைத் தொடுகின்றது. அடுத்த பக்கம் வெறுமையாக உள்ளது. இறுதிப் பக்கத்தில் கோடு மீண்டும் மேலே தோன்றுகின்றது. ஒரு தொழிலாளி மரத்தோடு கழித்த காலத்தை எவ்விதச் சொல்விளக்கமும் இன்றி வாசகர் விரல்கள் உணர்ந்துகொள்கின்றன. பக்கத்தைப் புரட்டுதலே கதையை நகர்த்துதலாக ஆகிவிடுகின்றது. கணினித் திரையில் ஒரே படமாகக் காட்டினால் இப்பொருள் கிடைக்காது. எனவே இந்நூல் நூலாக இருப்பதற்குக் காரணம் உண்டு எனலாம்.

செதுக்குதலுக்கும் பால்வெட்டுக்கும் உள்ள உறவும் இங்குப் பொருத்தமாகவே அமைந்துள்ளது. பட்டையை ஆழமாக வெட்டினால் உள்ளிருக்கும் வளர்படலம் காயப்படும். பின்னர் வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகத் தடித்துவிடும். மேலோட்டமாக வெட்டினால் பால் குறையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நுண்ணிய அளவைக் கையே அறியும். பாட்டியின் திறமையைத் தாம் அதுவரை உடலுழைப்பு என்று மட்டுமே எண்ணியிருந்ததாகவும், உளி வழுக்கி முதல் மூன்று தகடுகள் வீணானபோதுதான் அது ஓர் அறிவு என்பதை உணர்ந்ததாகவும் மாணவி தம் குறிப்பில் எழுதுகின்றார். அக்குறிப்பின் மிக நேர்மையான பகுதி இதுவே.

அட்டையும் அருமையும்

மேலட்டையைப் பற்றி இதே பாராட்டைக் கூற இயலவில்லை. ரப்பர்த் தகடு முதற்பார்வையில் ஈர்க்கின்றது; புகையூட்டிய மணமும் வீசுகின்றது. ஆயினும் அதன் கனத்தால் தையல் இழுபடுகின்றது, உள்தாள்கள் வளைகின்றன, நூலை மடியில் வைத்துப் படிப்பது கடினமாகின்றது. உள்ளே தொழிலின் இயக்கம் நூலின் இயக்கமாக மாறியது. அட்டையிலோ தொழிலின் பொருள் காட்சிப்பொருளாக மட்டுமே நின்றுவிட்டது.

இக்குறைக்கான காரணம் மாணவியின் குறிப்பிலேயே கிடைக்கின்றது. கைவினை நூலின் மதிப்பு அதன் அருமையில் உள்ளது என்றும், ஐந்து படிகளுக்கு மேல் செய்தால் அது தன் உயிரை இழந்துவிடும் என்றும் அவர் கருதுகின்றார். ஓவியக்கல்லூரிகளில் பரவலாக நிலவும் இக்கருத்து மறுபரிசீலனைக்கு உரியது.

சென்னையில் 1994ஆம் ஆண்டு கீதா உல்ஃப் தொடங்கிய தாரா பதிப்பகத்தின் பணி இதற்குத் தக்க எதிர்ச்சான்றாகும். அப்பதிப்பகத்தின் கைவினை நூல்கள் கையால் செய்த தாளில், பட்டுத்திரை அச்சுமுறையில், ஒரு வண்ணத்திற்கு ஒருமுறை என்று அச்சிடப்பட்டு, உலர்த்தப்பட்டு, கையாலேயே தைக்கப்படுகின்றன. படிகளுக்கு எண்ணும் இடப்படுகின்றது. ஆயினும் அவை ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு உலகெங்கும் செல்கின்றன. 2006இல் வெளிவந்த 'மரங்களின் இரவு வாழ்க்கை' என்னும் பொருள்படும் ஆங்கில நூல் இவற்றுள் பெரும்புகழ் பெற்றது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்களான பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி ஆகிய மூவரும் கறுப்புத் தாளில் தீட்டிய மரங்கள் அதில் உள்ளன. 2008இல் இத்தாலியின் போலோனா சிறுவர் நூற்காட்சியில் அதற்குப் பரிசு கிடைத்தது. படிகள் பெருகியதால் அந்நூலின் உயிர் குறைந்ததாக எவரும் கூறமாட்டார்.

இதனால் பெறப்படுவது யாது? கைவினையின் மதிப்பு எண்ணிக்கையின் சிறுமையில் இல்லை. ஒவ்வொரு படியிலும் கை எடுக்கும் முடிவிலும், அம்முடிவு வாசகரைச் சென்றடைவதிலுமே அது உள்ளது. ஐந்து படிகளும் கண்ணாடிப் பேழைக்குள் சென்றுவிட்டால், பாட்டியின் தொழிலை அறிய வேண்டிய பேரப்பிள்ளைகள் அந்நூலைத் தொடவே இயலாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தும் போன பேராக்கில் இஃது ஒரு கலைச் சிக்கல் மட்டுமன்று, நினைவின் சிக்கலுமாகும்.

முகமற்ற கை

நூலில் பாட்டியின் கைகள் பதினோரு பக்கங்களில் வருகின்றன, முகம் ஓரிடத்திலும் இல்லை, பெயரும் இல்லை. கைகளே தொழிலின் அடையாளம் என்று குறிப்பு விளக்கந்தருகின்றது. இவ்விளக்கம் நமக்கு நிறைவளிக்கவில்லை. தோட்டத் தொழிலாளரைக் கைகளாக மட்டுமே கணக்கிட்டது தோட்ட நிருவாகம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கணக்கு எடுக்கப்பட்டது. பின்னர்ப் பாலின் கணக்கு எடுக்கப்பட்டது. பேத்தி செய்யும் நூலும் பாட்டியைக் கைகளாகவே காட்டுமாயின், அன்பின் வழியாகவே அப்பழைய கணக்கு தொடர்கின்றது என்று கூற வேண்டியுள்ளது.

இவ்விடத்திலும் கோண்டு ஓவியர்களின் நூல் ஒப்புநோக்கத்தக்கது. மூவரும் தத்தம் பெயரோடு அந்நூலின் ஆக்கியோராக நிற்கின்றனர். மரங்களைப் பற்றி அவர்கள் வழங்கிய கதைகளே படங்களோடு செல்கின்றன. மாணவியின் நூலுக்கும் அவ்வாறான உரை இருந்தது. பாட்டியிடம் மூன்று மாலைகள் கேட்டு ஒலிப்பதிவு செய்ததாகக் குறிப்பு கூறுகின்றது. அவ்வுரையிலிருந்து நூலுக்குள் வந்தவை நான்கு சொற்கள் மட்டுமே. நன்னூல் உவமையில் வாய் கையாக நின்றது. எழுத்தறியாத பாட்டியின் வாயே இந்நூலை நூற்றிருக்க வேண்டிய கை. அக்கை பயன்படுத்தப்படவில்லை என்பதே நம் முதன்மையான குறைகூறல்.

நிரையும் நிறையும்

இனி, தமிழாசிரியர் எவரும் தவறவிடாத ஒரு பிழைக்கு வருவோம். பதினேழாம் பக்கத்தில் 'நிரை' என்று இருக்க வேண்டிய சொல் 'நிறை' என்று செதுக்கப்பட்டுள்ளது. ஒருவர் வெட்ட வேண்டிய மரவரிசை நிரை எனப்படும். நிறை என்பதோ எடையையும் முழுமையையும் குறிக்கும். லினோ அச்சில் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். கொம்பும் துணையெழுத்தும் புரள வேண்டும். அதில் முழுக்கவனம் செலுத்திய மாணவி சொல்லின் வடிவைச் சரிபார்க்கவில்லை. அச்செடுத்த பின்னரே பிறர் சுட்டிக்காட்டியுள்ளனர். வெட்டிய தகட்டில் ரகரத்தை மீட்க இயலாமையால் அப்படியே விட்டுவிட்டதாகவும், அவ்வெழுத்துகளைத் தாம் முதன்மையாக அழகிய வடிவங்களாகவே கருதியதாகவும் அவர் எழுதுகின்றார்.

இப்பிழையைத் தற்செயலாக அமைந்த கவிதை என்று பாராட்டுவது எளிது. நிரையில் நின்று நிறைக்கேற்பக் கூலி பெற்ற வாழ்க்கையை அது சுட்டுகின்றது என்று நயம் உரைக்கலாம். நாம் அவ்வாறு செய்யப்போவதில்லை. ஆக்கியோர் கருதாத நயத்தை அவர்மேல் ஏற்றுவது அவருக்கும் மொழிக்கும் நன்மை செய்வதாகாது. பிழை பிழையே.

ஆனால் அப்பிழையின் காரணத்தை ஆராய்வது நம் கடமை. அம்மாணவி தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்றவர். ரகர றகர வேறுபாட்டு அட்டவணைகளை மனனம் செய்தவர். எனினும் 'நிரை' என்னும் சொல்லைத் தோட்டத்துப் பொருளில் எழுத்தில் ஒருமுறையும் கண்டதில்லை என்கின்றார். அதனைப் பாட்டியின் வாய்வழி மட்டுமே கேட்டிருக்கின்றார். பேச்சில் இவ்விரு எழுத்துகளின் ஒலிவேறுபாடு நம்மிடையே பெரிதும் மறைந்துவிட்டது. செவிக்கு மட்டுமே கிடைத்த சொல் கைக்கு வரும்போது தடுமாறுதல் இயல்பே. பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால் போன்ற சொற்கள் நம் புனைகதைகளில் உண்டு. ஆனால் நம் வகுப்பறைப் பயிற்சிகளில் அவை எத்தனை முறை இடம்பெற்றுள்ளன? பிழையில் நமக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

துறைசார் மரபு ஒன்று

மரத்தில் எழுத்தை வெட்டுதல் தமிழ் அச்சுக்குப் புதிதன்று. அந்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில், மரத்தில் செதுக்கிய எழுத்துகளைக் கொண்டு அச்சிடப்பட்டதாகக் கூறப்படுகின்றது. அவ்வகராதியைத் தனிநாயகம் அடிகள் மறுபதிப்பாகக் கொணர, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1966இல் அதனை வெளியிட்டது. பழைய எழுத்துகளின் உருவத்தை அப்படியே காட்டும் பதிப்பு அது. சொல்லோடு நூலின் உடலும் ஆய்வுக்குரியது என்னும் உணர்வு இந்நாட்டுத் தமிழ்க்கல்வியில் அன்றே இருந்துள்ளது. கைவினை நூல்களை நாம் இன்று படிக்கப் பழகுவது அம்மரபின் தொடர்ச்சியே ஆகும்.

முடிவுரை

சிலிபின் மாணவியின் நூல் குறைகளை உடையது. ஆயினும் அது தேவையான நூல். பக்க ஒழுங்கில் தொழிலின் காலத்தைக் காட்டியமை அதன் வெற்றி. பாட்டியின் உரையை நான்கு சொற்களாகச் சுருக்கி, அவற்றையும் அணிகலனாக்கியமை அதன் தோல்வி. மறுபதிப்புச் செய்ய அவர் எண்ணியிருப்பதாக அறிகின்றோம். அவ்வாறாயின், கனமான மேலட்டையைத் தவிர்த்து, பாட்டியின் பெயரை முதற்பக்கத்தில் இட்டு, அவரது உரையைத் தமிழிலும் மலாயிலும் சேர்த்து, படிகளைப் பெருக்கி, சில படிகளையேனும் தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்கு அளிக்குமாறு வேண்டுகின்றோம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு பணி உண்டு. ஒற்றைத் தாளை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்க நூல் கிடைக்கும்; தையலும் பசையும் வேண்டியதில்லை. வீட்டில் முதியவர் ஒருவர் செய்த தொழிலின் எட்டுச் சொற்களை, அவர் கூறியவாறே கேட்டு, பக்கத்திற்கு ஒன்றாக எழுதி வரைந்து வருமாறு மாணவரைப் பணிக்கலாம். பிழைகளை வகுப்பிலேயே திருத்திக் கொடுக்கலாம். பதினேழாம் பக்கத்துத் தகட்டை மட்டும் புதிதாகச் செதுக்கப்போவதாக மாணவி நம்மிடம் கூறினார். ரகரத்தை முதலில் தாளில் எழுதிப் பாட்டியிடம் காட்டியதாகவும், படிக்கத் தெரியாத பாட்டி அதன்மேல் விரலை வைத்து, அந்த நிரையில் எத்தனை மரங்கள் இருந்தன என்று சொல்லத் தொடங்கிவிட்டதாகவும் அவர் கூறினார். புதிய பதிப்பு அவ்விடத்திலிருந்து தொடங்குமாயின் நன்று.