தாப்பாவுக்கு ஒரு வாக்கியம்

தமிழ்நாட்டிலிருந்து வந்து மலேசியாவைச் சுற்றிப் பார்த்தவர்களின் பயணக் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறவன் நான். அவற்றில் தாப்பாவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: கேமரன் மலை ஏறும் முன் தேநீர் குடிக்க நின்ற ஊர். அடுத்த பத்தியில் தேயிலைத் தோட்டமும் பனிமூட்டமும் வந்துவிடும். சிம்பாங் பூலாய் வழியாக மலைக்கு இன்னொரு சாலை வந்தபிறகு அந்த ஒரு வாக்கியத்துக்கும் ஆபத்துதான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தமிழ்நாட்டு நண்பரோடு நான் அங்கே ஓர் இரவு தங்க நேர்ந்தது. நல்ல மழை. இருட்டில் மலைச் சாலை வேண்டாம் என்று நடுத்தர விலையில் ஒரு ஹோட்டலில் ஆளுக்கோர் அறை எடுத்தோம். டுரியான் கொண்டுவரக் கூடாது என்று ஓர் அறிவிப்பு. கூரையில் ஓர் அம்புக்குறி. அது தீ விபத்து நடந்தால் ஓடவேண்டிய திசை என்று நண்பர் நினைத்துக்கொண்டார். தொழுகைக்கான கிப்லாத் திசை என்று சொன்னதும் குறிப்பேட்டை எடுத்துவிட்டார். பயண எழுத்தாளருக்கு இது போதும்.

அவர் குறித்துக்கொள்ளாதது கவுண்டரில் நடந்தது. இருந்த பெண் தமிழ்ப்பெண். என்னிடம், "அண்ணே, ஐ.சி. குடுங்க." அவரிடம், "சார், பாஸ்போர்ட்." பில்லில் அவருக்கு மட்டும் பத்து ரிங்கிட் கூடுதல். 2017 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓர் இரவுக்குக் கட்டும் சுற்றுலா வரி அது. "நானும் தமிழ்தானே தங்கச்சி?" என்றார் நண்பர். "சிஸ்டம் கேக்குது சார்" என்று அவள் சிரித்தாள்.

காலையில் அறை துடைக்க வந்த அம்மாவிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். "எனக்கும் அந்த வரி கெடையாது தம்பி. செவப்பு ஐ.சி. ஆனா ஓட்டும் கெடையாது" என்றார். இங்கேதான் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறப்பைப் பதியவில்லை, அவ்வளவுதான். நீல அட்டை குடிமகனுக்கு, சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கு. பிறந்த மண்ணிலேயே சிவப்பு அட்டையோடு வயதானவர்கள் நம் தோட்டங்களில் நிறைய. நண்பர் அப்போது பக்கத்தில்தான் நின்றார்.

பிறகு கட்டுரையின் வரைவை அனுப்பினார். போன இடமெல்லாம் தமிழ் முகம், தமிழ்ச் சிரிப்பு, கடல் கடந்தும் அறுபடாத உறவு. எழுத்தில் குறையில்லை. ஆனால் அந்தக் கவுண்டருக்குத் தெரிந்தது கட்டுரைக்குத் தெரியவில்லை. மூன்று தமிழர், மூன்று விதமான தாள். 'நம் இனம்' என்ற ஒரு சொல்லால் கட்டுரை மூன்றையும் மூடிவிட்டது.

இது அவருடைய தனிப்பட்ட குறை இல்லை. இந்த வகைமையே விருந்தினராக இருந்து வளர்ந்தது. சங்கம் அழைக்கும், யாராவது வீட்டில் தங்கவைப்பார்கள், கார் அனுப்புவார்கள். சாப்பிட்ட வீட்டைப் பற்றி உண்மையை எப்படி எழுதுவது? கட்டுரை நன்றிக்கடிதமாகிவிடும். சாமர்செட் மாம் 1920களில் இதே மலாயாவில் வெள்ளைக்காரர் வீடுகளில் விருந்துண்டு, அவர்கள் வீட்டு ரகசியங்களைக் கதையாக்கினார். விருந்து வைத்தவர்களுக்குக் கடும் கோபம். எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும். (அவருடைய கதைகளிலும் தமிழன் ஓரத்தில்தான் நிற்கிறான், அது வேறு சண்டை.) அகிலன் 'பால்மரக்காட்டினிலே' நாவலில் ரப்பர் தோட்டத்தையே நடுவில் வைத்தார். வந்துபோனவர்களில் அது பெரிய விஷயம். காந்தி படத்துக்காக உலகம் சுற்றிய ஏ.கே. செட்டியார் தன்னைப் பின்னால் நிறுத்திக்கொண்டு எதிரே இருப்பவரைப் பேசவிட்டார். அந்த வழியை நாம் ஏனோ தொடரவில்லை.

ஹோட்டல் இந்தச் சிக்கலிலிருந்து விடுதலை தரும் இடம். காசு கொடுத்துவிட்டோம், யாருக்கும் நன்றிக்கடன் இல்லை. தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் நம் கட்டுரைகளில் ஹோட்டல் வந்தால் வெந்நீர் வந்ததா, காலை உணவில் சைவம் இருந்ததா என்பதோடு சரி. அறையைத் துடைத்தது யார் என்று வராது.

சென்னையில் எனக்கும் இது நடந்திருக்கிறது. விடுதியில் வெளிநாட்டவருக்கான 'சி ஃபார்ம்' நிரப்பச் சொன்னார்கள். தாத்தா பிறந்த ஊர் இங்கிருந்து நாலு மணி நேரம்தானே என்று முகம் சுளித்தேன். ஊர் திரும்பி நான் எழுதிய கட்டுரையில் கடற்கரை இருந்தது, புத்தகக் கடைகள் இருந்தன, அந்தப் படிவம் இல்லை. அதனால் நண்பரிடம் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்: அந்த அம்மாவை எழுதுங்கள், பத்து ரிங்கிட்டை எழுதுங்கள்.

போன வாரம் திருத்திய பிரதி வந்தது. தாப்பாவுக்கு இப்போது இரண்டு வாக்கியம். இரண்டாவதில், அறை சுத்தமாக இருந்தது, வாடகையும் பரவாயில்லை என்றிருக்கிறது.