நாவலுக்கு அப்பால்: எட்டயபுரத்து வாசகரின் புத்தகத் தேர்வு

எட்டயபுரத்தையும் அதைச் சூழ்ந்த கோவில்பட்டி, விளாத்திகுளம், கழுகுமலை, இடைசெவல் பகுதிகளையும் கொண்ட கரிசல் வட்டாரம் மானாவாரி நிலம். மழை குறைவு, எழுத்துக்குக் குறைவில்லை. உமறுப் புலவர், சுப்பிரமணிய பாரதியார், நாவலர் சோமசுந்தர பாரதியார், கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன், பூமணி, சோ. தர்மன் என்று பட்டியல் நீளும். இருந்தும் இவ்வட்டாரத்து மாணவர் ஒருவர் அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டால், அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நாலைந்து நாவல்களின் பெயர்களே. நல்ல நாவல்கள்தாம். ஆனால் நாவல் முடிந்தவுடன் இன்னொரு நாவல், அது முடிந்தவுடன் மற்றொன்று என்று போகும் வாசிப்பில் பெரிய இழப்பு ஒன்று உண்டு. படித்து முடித்த நூல் எழுப்பும் கேள்விக்கான விடை பல வேளைகளில் வேறொரு வகை நூலில் இருக்கிறது.

விருதுப் பட்டியல்

புதிய நூலைத் தேர்ந்தெடுக்கப் பலரும் நம்புவது விருதுகளை. 2014 முதல் 2024 வரை தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 11 நூல்களை வகைப்படுத்தினால் நாவல் 6, சிறுகதைத் தொகுப்பு 2, கவிதை 1, இலக்கியக் கட்டுரை 1, வரலாற்று ஆய்வு 1 என்று வருகின்றன. அந்த 6 நாவல்களில் 3 கரிசலைக் களமாகக் கொண்டவை: பூமணியின் 'அஞ்ஞாடி' (2014), நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றிய எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' (2018), உருளைக்குடிக் கண்மாயைச் சுற்றி எழுந்த சோ. தர்மனின் 'சூல்' (2019).

கரிசல் நாவல்களுக்குக் கிடைத்த சிறப்பு மகிழ்ச்சிக்குரியது. எனினும் இலக்கியம் என்றால் நாவல், கரிசல் இலக்கியம் என்றால் வெயிலும் கருவேலமும் பேச்சு வழக்கும் என்ற எண்ணத்தை இப்பட்டியல் இளம் வாசகரிடம் உறுதிப்படுத்திவிடுகிறது. 2024-இல் விருது பெற்ற ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' எட்டயபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத ஓட்டப்பிடாரத்தில் பிறந்தவரைப் பற்றிய ஆய்வு. வ.உ.சி. கைதானதை அடுத்து 1908 மார்ச் 13-இல் திருநெல்வேலியில் மூண்ட மக்கள் எழுச்சியை அது ஆராய்கிறது. நாவல் வாசகர்கள் பலர் இதை ஆய்வு நூல் என்று ஒதுக்கிவிடக்கூடும். எடுத்துப் படிப்பவர் ஏமாற மாட்டார்.

ஒரு பெயரும் பல நூல்களும்

எட்டயபுரத்து மாணவருக்கு இது ரசனைச் சிக்கலோடு நிற்பதில்லை. பாளையக்காரர் மரபுப் பெயரான 'எட்டப்பன்', காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் வசைச்சொல்லாகத் தமிழ்நாடு முழுவதும் வழங்குகிறது. வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து சொந்த ஊரைச் சொன்னதும் கேலிக்கு ஆளாகும் மாணவரிடம் பதிலாக என்ன இருக்கிறது? சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் நாடகத்திலிருந்து பி. ஆர். பந்துலு 1959-இல் எடுத்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் நினைவு இருக்கிறது. கேலி செய்பவரிடமும் அதே படம்தான் இருக்கிறது.

நாடகத்துக்கு நாயகன் வேண்டும். நாயகன் ஓங்கி நிற்க எதிரே ஒரு துரோகி வேண்டும். அந்த வகைக்குரிய தேவை அது. படத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வேறு வகைகளுக்குப் போனால் கதை மாறத் தொடங்குகிறது. கால்டுவெல் 1881-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு கும்பெனி ஆவணங்களைப் பின்பற்றிச் செல்வது; அதன் தமிழாக்கமும் உண்டு. எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அடுத்தடுத்த பாளையங்கள். அவற்றிடையே எல்லைத் தகராறு இருந்தது. எட்டயபுரத்தார் கும்பெனிப் படையுடன் சேர்ந்து கட்டபொம்மனைத் துரத்தினர். ஆனால் அவரைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பகுதி எட்டயபுரத்துக்கு வந்து சேர்ந்தது. ஆக, எட்டயபுரத்தின் மேல் பழி இல்லை என்று கூற முடியாது. படம் காட்டும் பழியும் உண்மையில் நடந்ததும் ஒன்றல்ல என்று கூற முடியும். மாணவருக்கு இந்த வேறுபாடு போதும்.

கால்டுவெல்லோடு நின்றாலும் தவறாகும். அவர் ஆங்கில ஆட்சியை ஏற்ற பாதிரியார். பாளையக்காரர்களை அவர் பார்க்கும் கோணம் ஆட்சியாளரின் கோணம். அதற்கு மாற்றாக நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடல் இருக்கிறது. அதில் தேதிகளைத் தேடுவது வீண். தோற்றவரைச் சனங்கள் எப்படி நினைவில் வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ம. பொ. சிவஞானம் எழுதிய வரலாறு விடுதலை இயக்கத்தின் தேவையிலிருந்து பிறந்தது. தமிழ்வாணனின் 'கட்டபொம்மன் கொள்ளைக்காரன்' அதற்கு நேர் எதிரான வாத நூல். தலைப்பிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடும் நூலைச் சற்று எச்சரிக்கையுடன்தான் திறக்க வேண்டும். படிக்காமல் விட வேண்டியதில்லை.

மறுபக்கத்தின் குரல் 'வம்சமணி தீபிகை'யில் கேட்கிறது. கவிகேசரி சாமி தீட்சிதர் எழுதி 1879-இல் வெளிவந்த எட்டயபுரம் அரச மரபு வரலாறு இது. எட்டயபுரத்து ஆய்வாளர் இளசை மணியன் முயற்சியால் நம் காலத்தில் மறுபதிப்புக் கண்டது. புரவலரைப் புகழும் நூல் என்பதை மறக்காமல் படித்தால், அரண்மனை தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பது தெரியும். நடை கடினம். பாரதியாருக்கே அந்த நடை பிடிக்கவில்லை. 1919-இல் ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதி, அந்நூலை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருவதாக முன்வந்தார். அது நிறைவேறவில்லை.

அந்தக் கடிதம் வாசகரைப் பாரதியின் பிற பக்கங்களுக்கு இட்டுச் செல்லும். முற்றுப்பெறாத 'சின்னச் சங்கரன் கதை'யில் கவுண்டனூர் என்ற கற்பனை ஜமீனை வைத்து அவர் செய்யும் கிண்டல், எட்டயபுரம் அரண்மனையை மனத்தில் கொண்டது என்பது பரவலான கருத்து. அதே பாரதி, சிறுவனாக 1897-இல் படிப்புக்கு உதவி கேட்டு ஜமீன்தாருக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதினார். 1919-இல் சீட்டுக்கவி அனுப்பினார். கவிதைத் தொகுப்போடு நிற்பவருக்கு ஒரு பாரதிதான் தெரிவார். கிண்டல் கதையையும் கடிதத்தையும் சேர்த்துப் படிப்பவருக்கு, ஜமீனை எள்ளி நகையாடியவரும் வறுமையில் அதன் வாசலை நோக்கியவரும் ஒருவரே என்பது புரியும். இது பாரதியின் மதிப்பைக் குறைக்காது.

கண்மாயைப் படிப்பது

'சூல்' படித்தவர் அடுத்து எங்கே போகலாம்? அதே ஆசிரியரின் 'கூகை'க்குப் போவது இயல்பு. கண்மாய் மனத்தில் தங்கிவிட்டது என்றால், பொதுப்பணித் துறைப் பொறியாளராக இருந்த பழ. கோமதிநாயகத்தின் 'தமிழகப் பாசன வரலாறு' பொருத்தமானது. நீர்ப்பாய்ச்சியின் அறிவும் மடையும் கலுங்கும் நாவலில் உயிரோடு வருகின்றன. அவற்றுக்குப் பின்னிருந்த நிர்வாக முறை பாசன வரலாற்றில் தெளிவாகிறது.

நாவலை எடைபோடவும் இது உதவும். கண்மாய்களின் சீரழிவுக்காக விடுதலைக்குப் பிந்தைய ஆட்சிகளின் மேல் 'சூல்' வைக்கும் குற்றச்சாட்டு வலுவானது. பழைய காலத்தின் மேல் அதற்குள்ள பரிவு சற்று அதிகம். குடிமராமத்து அதற்கு வெகுகாலம் முன்பே தளர்ந்துவிட்டது. 1858-இல் சென்னை மாகாணத்தில் அதற்காகக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றையே கொண்டுவர வேண்டியிருந்தது. நாவலாசிரியர் வரலாறு எழுத வரவில்லை என்பது சரி. வாசகர் இரண்டையும் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்பும்போது அது வேறு நூலாகத் தெரியும்.

அகராதி, கடிதம், நாட்குறிப்பு

தொடக்கம் முதல் இறுதி வரை யாரும் படிக்காத வகை அகராதி. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதி விதிவிலக்காகலாம். 'சம்சாரி' என்றால் பிற இடங்களில் குடும்பஸ்தர், கரிசலில் விவசாயி. இதை அறியாமல் கி.ரா.வின் கதைகளைப் படிப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் சற்று வழி தவறுவார். 'கோபல்ல கிராமம்' (1976) படித்துவிட்டு, சொற்கள் தித்திக்கின்றன என்று உணர்பவருக்கு அடுத்த நூல் இந்த அகராதிதான். அதிலிருந்து பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதிக்குப் போனால் ஒப்பிட்டுப் பார்க்கும் சுவையும் கிடைக்கும்.

கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் இடைசெவலில் பிறந்த நண்பர்கள். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வந்துள்ளன. சிறுகதை மாணவர்கள் அவருடைய 'ராஜா வந்திருக்கிறார்' கதையைத் திறனாய்வுக் கட்டுரைகளின் துணையோடு படிக்கிறார்கள். கட்டுரைகளை விடக் கடிதங்கள் அதிகம் கற்பிக்கும். இசையில் இருவருக்கும் இருந்த பித்து, ஊர் மீதான ஏக்கம், புத்தகங்கள் பற்றிய பேச்சு எல்லாம் அங்கே கலந்து கிடக்கின்றன. 1970-இல் மறைந்த அழகிரிசாமி எந்த ஒரு வகைக்குள்ளும் அடங்காதவர். சிறுகதையோடு நாடகம் எழுதினார், கார்க்கியை மொழிபெயர்த்தார், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பதிப்பித்தார். அவரைச் சிறுகதையாசிரியர் என்று மட்டும் பாடநூல் சொல்வது வசதிக்காக.

நாகலாபுரத்து மதுரகவி பாஸ்கரதாஸ், முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) உட்பட மேடைக்கும் திரைக்கும் பாடல் எழுதியவர். அவருடைய நாட்குறிப்புகளைப் பேரன் தொகுத்து நூலாக்கியுள்ளார். 'சஞ்சாரம்' படித்துக் கலைஞர் வாழ்க்கையில் ஆர்வம் கொண்டவர் தவறவிடக் கூடாத நூல். கதைபோல் விறுவிறுப்பாக இராது. அங்கங்கே பத்துப் பத்துப் பக்கமாகப் படித்தால் போதும். சோ. தர்மன் எழுதிய வில்லிசை வேந்தர் பிச்சைக்குட்டியின் வாழ்க்கை வரலாற்றை இதன் பக்கத்தில் வைக்கலாம்.

பெயர்ப்பலகை மறைப்பவை

கரிசல் இலக்கியம் என்ற பெயர்ப்பலகை சிலரை மறைத்துவிடுகிறது. கோவில்பட்டிக் கவிஞர் தேவதச்சனின் கவிதைகளில் வட்டார வழக்கையோ பருத்திச் செடியையோ தேடிப் போகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். நேரத்தையும் அன்றாடப் பொருள்களையும் அவர் பார்க்கும் விதம் வேறு. உமறுப் புலவரின் 'சீறாப்புராணம்' ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட காப்பியம். நபிகள் நாயகத்தின் வரலாற்றை அது தமிழ் நிலவருணனையோடு பாடுகிறது. அவரது அடக்கத் தலம் எட்டயபுரத்திலேயே இருந்தும் உள்ளூர் மாணவரின் பட்டியலில் இந்நூல் அபூர்வமாகவே இடம்பெறுகிறது. முழுதும் படிக்கத் தேவையில்லை; நாட்டுப் படலத்தை உரையோடு எடுத்தாலே நல்ல தொடக்கம்.

சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான தெலுங்கு நூல். 1835-இல் இவ்வூரில் மறைந்த முத்துஸ்வாமி தீட்சிதரின் கிருதிகளைக் கமகக் குறிகளோடு பதிவு செய்தது. பின்னாளில் சென்னை மியூசிக் அகாதெமி தமிழில் வெளியிட்டது. சுரம் தெரியாதவருக்கு இது படிக்கும் நூலாகாது என்பது உண்மை. ஆனால் அதிலுள்ள இசைவாணர் வரலாறுகளை யாரும் படிக்கலாம்.

சிறுவர் நூலைப் பெரியவர்கள் எடுப்பதில்லை. கோவில்பட்டி உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற, கீழடியைப் பின்னணியாகக் கொண்ட சிறார் நாவல். அதைப் படித்த எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி நூலைக் கொடுத்தால், படங்களுக்காகவாவது புரட்டும்.

கடையில் நிற்கும்போது

புத்தகக் கண்காட்சியில் ஒரு புதிய நூலுக்குப் பத்து நிமிடம் தரலாம். பின்னட்டைப் பாராட்டை விட்டுவிட்டு முன்னுரையையும் பொருளடக்கத்தையும் பார்க்க வேண்டும். வரலாற்று நூலானால், ஆசிரியர் எந்த ஆவணங்களை நம்பினார் என்று சொல்கிறாரா? நாவலானால் நடுவில் இரண்டு பக்கம் படித்தால் நடை பிடிபடும். முதல் பக்கத்தை எல்லோரும் நன்றாகவே எழுதுகிறார்கள். 'அஞ்ஞாடி' போன்ற ஆயிரம் பக்க நூலை வாங்குவதற்கு முன் கிளை நூலகத்தில் எடுத்து நூறு பக்கம் படித்துப் பார்ப்பது நல்லது. அதே பூமணியின் 'வெக்கை' (1982) மிகச் சிறியது, அங்கிருந்தும் தொடங்கலாம்.

மேலே வந்த பெயர்களில் பெண் எழுத்தாளர் ஒருவரும் இல்லை என்பதைக் கவனித்த வாசகர் சரியாகவே கவனித்திருக்கிறார். வட்டாரப் பட்டியல்களின் பெரிய ஓட்டை அது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் வேலை பார்த்த சிறுமிகளைப் பற்றிப் பூமணி 'கருவேலம்பூக்கள்' என்ற படத்தை இயக்கினார். அந்தப் படம் மனத்தை உறுத்தினால், அடுத்து எடுக்க வேண்டியவை சற்று வடக்கே வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் நூல்கள். தன்வரலாறான 'கருக்கு' 1992-இல் வந்தது. அதைத் தொடர்ந்த 'சங்கதி'யில் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் மைக்கண்ணி என்ற சிறுமி வருகிறாள். அவளுடைய கதையை அதே தெருவைச் சேர்ந்த ஒருத்தி சொல்கிறாள்.