பெல்பாட்டம் யாருடைய ஞாபகம்?

‘சுப்ரமணியபுரம்’ (2008) வந்த பிறகு எழுபதுகளின் கடைசியைத் திரையில் காட்டுவது எளிதாகிவிட்டது. ஆண்களுக்கு பெல்பாட்டம், பெரிய காலர், காதை மறைக்கும் முடி, தாடி. பெண்ணுக்குப் பாவாடை தாவணி. சசிகுமாரின் படம் 1980-இன் மதுரையில் நடக்கிறது. அந்தத் தெருவில் துளசி தாவணியில் நடந்து வருவது பொருத்தமானதுதான். எனக்கு அந்தப் படத்தோடு சண்டை இல்லை. அதற்குப் பின் கிளம்பிய ரெட்ரோ மோகத்தோடுதான் சண்டை. கல்லூரி ரெட்ரோ நாளானாலும் தொலைக்காட்சி நகைச்சுவையானாலும் பெல்பாட்டம் என்றால் அப்பாக்களின், சித்தப்பாக்களின் இளமை. அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் ரிப்பனும் ரெட்டை ஜடையும். பெல்பாட்டம் போட்ட பெண்கள் எங்கே போனார்கள்?

முதலில் அந்த உடையைப் பற்றிக் கொஞ்சம். தொடையில் இறுக்கம், முழங்காலுக்குக் கீழே மணியைப் போல விரிவு. கப்பல் தளத்தைக் கழுவும்போது சட்டென்று முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொள்ள வசதி என்று மாலுமிகளுக்காகத் தைத்தது என்பார்கள். அறுபதுகளில் அமெரிக்க இளைஞர்கள் கடற்படை கழித்துப்போட்ட பழைய துணிகளை மலிவாக வாங்கிப் போட்டார்கள். ஆணும் பெண்ணும் ஒரே வெட்டைப் போட்டார்கள் என்பதுதான் அன்றைய பெரியவர்களை எரிச்சலூட்டியது. பின்னாலிருந்து பார்த்தால் பையனா பெண்ணா என்று தெரியவில்லையே!

தமிழ் சினிமாவுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. ஒரே நாகரிகம், இரண்டு தீர்ப்பு. 1967-இல் வந்த ‘விவசாயி’யில், நவநாகரிக உடையில் வரும் கே.ஆர். விஜயாவுக்கு எம்.ஜி.ஆர். ஒரு முழுப் பாட்டில் பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். ஆறு வருடம் கழித்து, ‘உலகம் சுற்றும் வாலிப’னில், ஐம்பதைக் கடந்த அதே எம்.ஜி.ஆர். மேல்நாட்டு உடையில் ஜப்பானையும் தாய்லாந்தையும் சுற்றி வந்தார். அவருக்குப் பாட்டுப் பாடித் திருத்த யாரும் வரவில்லை.

இந்த வரிசையில் நான் அதிகம் யோசித்த படம் ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972). பி. மாதவன் இயக்கியது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய கல்பனாவாக ஜெயலலிதா, சோழவந்தான் மூக்கையனாக சிவாஜி. கல்பனாவின் உடை படத்தில் வெறும் உடை அல்ல. அவளுடைய திமிர், அவள் அம்மாவின் வளர்ப்பு, கணவனை மதிக்காத குணம் எல்லாம் அந்தத் துணியில்தான் இருக்கின்றன. அதனால் அவள் திருந்தினாள் என்பதை வசனத்தால் சொல்ல வேண்டியதில்லை, புடவை கட்டிக் காட்டினால் போதும். நடுவில் மூக்கையனும் நீள முடியும் நாகரிக உடையுமாகப் பட்டணத்தில் வந்து நிற்கிறான். தியேட்டர் கைதட்டுகிறது. அவனுக்கு அது வேஷம், வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். அவளுக்கு அதுவே குணம் என்று எழுதியாகிவிட்டது, ஆகவே கதைதான் அதைக் கழற்ற வேண்டும். அதற்கு முந்தைய வருடம் வந்த ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ இந்தியிலும் இதே கணக்கைத்தான் போட்டது. அங்கே ஜீனத் அமனுக்குத் திருந்தும் வாய்ப்புகூட இல்லை, சாவுதான்.

இத்தனையையும் மீறி, ஜெயலலிதா கல்பனாவாக நடக்கும் நடையை யாராலும் திருத்த முடியவில்லை என்பது என் எண்ணம். கதை முடிவதற்குள் தோற்றுவிடும் பெண்ணைப் பார்க்கத்தான் காசு கொடுத்தார்கள். ஆனால் அதற்கு முன்பாக ஒன்றரை மணி நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் அத்தை அப்படிப் பார்த்தவள். மந்தைவெளியில் அப்போது கபாலி தியேட்டர் இருந்தது. முடிவு அவளுக்கு ஞாபகமே இல்லை, “அவ டிரஸ்ஸுதான்டி ஞாபகம்” என்பாள்.

கல்லூரி இரண்டாம் வருடத்தில் அத்தை ஒரு பெல்பாட்டம் தைத்துக்கொண்டாள். கதையில் எனக்குப் பிடித்த இடம் தையல்கடைதான். ரவிக்கை என்றால் அளவு ரவிக்கை கொடுக்கலாம். பேண்ட்டுக்கு அளவு? பெண்ணின் இடுப்பில் டேப் வைக்கத் தையல்காரர் தயார் இல்லை, வைக்கவிடப் பாட்டியும் தயார் இல்லை. கடைசியில் அண்ணனின், அதாவது என் அப்பாவின், பேண்ட்டை அளவுக்குக் கொண்டுபோனாள். இடுப்பில் பிடித்தது, பிரித்துத் தைத்தார்கள். கீழ்விளிம்பு தேயாமல் இருக்க உள்ளே ஜிப்பை வைத்துத் தைப்பது அன்றைய வழக்கம். அதையும் கேட்டு வாங்கினாள். “தெருவைப் பெருக்கத் தனியா ஆள் வேண்டாம்” என்றாள் பாட்டி. சாந்தோம் கடற்கரைக்கு இரண்டு மூன்று முறை போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். யாரும் தடுக்கவில்லை. வரன் பார்க்க ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

கால் அகலமான பேண்ட். நல்ல டெரிகாட்டன். ஒவ்வொரு காலின் அடியையும் மூடித் தைத்தால் ஒரு பை. பாட்டி இரண்டு பைகள் தைத்தாள்; மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பல வருடம் போய் வந்தன. அப்பாவின் பெல்பாட்டம் இன்னும் பீரோவில் அந்துருண்டை வாசனையோடு இருக்கிறது. ரெட்ரோ நாளுக்கு என் தம்பி மகன் கேட்டு வாங்கிப் போனான். அவனுடைய கல்லூரியில் எழுபதுகளின் ஆண் எப்படி இருந்தான் என்பதற்கு அசல் சாட்சி இருந்தது. பெண்ணுக்கான சாட்சியில் கத்தரிக்காய் வாங்கிக் கிழித்தாயிற்று. சினிமா மட்டும் இதைச் செய்யவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

2015-இன் கடைசியில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை கோவில்களுக்கு ஓர் உடை விதி சொன்னது. 2016 ஜனவரி 1-இல் நடைமுறைக்கும் வந்தது. ஆண்களுக்கு வேட்டி அல்லது பைஜாமாவோடு மேல்துண்டு, இல்லையென்றால் பேண்ட் சட்டை. பெண்களுக்குப் புடவை, தாவணி, மேல்துணியோடு சுடிதார். பிறகு உத்தரவுக்குத் தடை வந்தது. ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். பேண்ட்டும் இங்கே விளைந்தது இல்லையே. ஆணின் காலில் ஏறியதும் அது மரியாதையான உடை ஆகிவிட்டது. மரபு என்ற பேச்சுக்கு அங்கே வேலையே இல்லை.

இப்போது விரிந்த கால் பெண்களிடம்தான் திரும்பி வந்திருக்கிறது, பலாஸோ என்ற பெயரில். ரங்கநாதன் தெருவில் குவித்து வைத்திருக்கிறார்கள். என் அம்மாவுக்கும் பிடிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பாவாடை மாதிரி இருக்கிறது, மேலே நீளமாகக் குர்த்தி வேறு. யாருக்கும் ஆட்சேபம் இல்லாததற்கு அதுதான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன். இடுப்பில் எலாஸ்டிக். பாக்கெட் பெரும்பாலும் கிடையாது. அத்தையின் பெல்பாட்டத்தில் இரண்டு இருந்தன, அளவு பேண்ட்டில் இருந்ததால் தையல்காரர் யோசிக்காமல் வைத்துவிட்டார். பஸ் சில்லறையையும் வீட்டுச் சாவியையும் அதில் போட்டுக்கொண்டு கையை வீசி நடந்தேன் என்கிறாள்.