‘ஒருவகை மரம்’ என்னும் உரை

சங்கப் பாடல்களுக்குப் பள்ளி மாணவர் பொருட்டு எழுதப்பெறும் எளிய உரைகளில், மரப்பெயர் வருமிடத்து ‘ஒருவகை மரம்’ என எழுதிச் செல்லும் வழக்கம் உண்டு. சொல்லுக்குப் பொருள் கூறியதுபோல் அது தோன்றும். உண்மையில் ஒன்றும் கூறவில்லை. இக்குறை ஏட்டோடு நில்லாது நம் தெருவரை நீளுகின்றது என்பதே ஈண்டு யான் சொல்ல விழைவது.

குறிஞ்சித் திணையில் வேங்கை பெறும் இடத்தை எண்ணுக. அது மலர்ந்தால் தினை விளையும், மணநாள் நெருங்கும். அதன் பூ உதிர்ந்த பாறை புலியெனத் தோன்றும். பூக்கொய்யும் மகளிர் ‘புலி’ எனக் கூவுவர். சிலம்பில் குன்றக் குறவர் கண்ணகியைக் கண்டதும் வேங்கை நிழலிலேயாம். பூவின் நிறமும் பருவமும் அறியாதார்க்கு இவை எங்ஙனம் விளங்கும்? இலக்கியத்துக்கு உணர்வு போதும், மரநூல் எதற்கு என்பாரும் உளர். அவ்வுணர்வைத் தாங்குவதே மரத்தின் மெய்யியல்புதான். அதனை நீக்கினால் உவமை நிற்க இடமின்றி வீழும்.

வேங்கை நமக்கு எட்டாத மரமன்று. மலேசியச் சாலையோரங்களில் நிற்கும் அங்சானா அதன் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே பேரினம். மஞ்சட் பூ, வட்டச் சிறகுக் காய், வெட்டினால் ஒழுகும் செந்நீர் யாவும் இரண்டுக்கும் பொது. காடுகளில் பலகைக்காக மிகையாக வெட்டப்பட்டமையால், 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அங்சானா அழியும் நிலையிலுள்ள இனமாகக் குறிக்கப்பட்டது.

நட்ட இடத்திலும் அதற்குப் பகை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே மலாக்காவில் அங்சானாக்கள் நோயால் மடிந்தன. பின்னாளில் சிங்கப்பூரிலும் அவ்வாறே நேர்ந்தது. பியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்னும் பூஞ்சை நீர்க்குழாய்களை அடைத்துவிட, இலைகள் மஞ்சளித்து உதிர்ந்து மரம் வாடுகின்றது. மரந்துளைக்கும் சிறுவண்டு நோயைப் பரப்பத் துணை செய்கின்றது. பெருங்கிளைகளை வெட்டி நட்டே இம்மரத்தைப் பெருக்குவது எளிதாதலின், ஒரு தாய்மரத்தின் வழி வந்தவை வரிசையாய் நிற்கும். ஒன்றைக் கொல்லும் நோய் மற்றவற்றையும் எளிதிற் பற்றும். நோயுற்றதை விரைந்து அகற்றி எரித்தல், அதன் கட்டைகளை வேறிடம் கொண்டு செல்லாமை, நோய் தாங்கும் வகைகளைத் தேர்ந்து நடுதல் ஆகியனவே காக்கும் வழிகள்.

இரப்பரை நோக்குக. 1925இல் அதற்கெனவே ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் இந்நாட்டுள் நுழையாதிருக்கச் சட்டமும் காவலும் உள்ளன. பால் தரும் மரத்துக்கு மருத்துவர் உண்டு. பூத் தரும் மரத்துக்கோ, அதனை அறிந்த கண்களே முதற் காவல்.

தெமியாங் என்பதே மலாய்மொழியில் ஒரு மூங்கிலின் பெயர். மரஞ்செடிகளின் பெயரை ஊருக்கு இட்டு வழங்கும் நாட்டில் இருந்துகொண்டு, ‘ஒருவகை மரம்’ என்று சொல்லிக்கொடுத்தல் தகுமா? வேங்கை வரும் பாடலை நடத்தும் ஆசிரியர், மாணவரை ஓர் அங்சானாவின் அடியில் நிறுத்தி இலையையும் காயையும் காட்டுவாராக. பசுமை மாறும் கிளையைப் பெயர் தெரிந்த பிள்ளையே முதலில் காணும். கண்டால் வந்து சொல்லும்.