வல்லமை துறந்த கடவுளா?

ஞாயிறுதோறும் திருப்பலியில் கடவுளை ‘எல்லாம் வல்ல தந்தை’ என்று நாம் அறிக்கையிடுகின்றோம். அதே நாவு, அகால மரணம் நிகழ்ந்த வீட்டில் இச்சொற்களைச் சொல்லத் தயங்குகின்றது. இத்தயக்கத்தை நேர்மையோடு எதிர்கொண்ட நூல்களுள் ஒன்று, யூத மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் எழுதிய ‘ஆஷ்விட்சுக்குப் பின் கடவுள் என்னும் கருத்து’. 1984ஆம் ஆண்டு ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில் அவர் ஆற்றிய உரையே பின்னர் நூலாயிற்று. அவருடைய தாயார் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டவர். ஆகவே இந்நூலின் வினா வெறும் ஏட்டறிவில் பிறந்ததன்று.

கடவுள் முற்றிலும் நல்லவர், முற்றிலும் வல்லவர், மனித அறிவுக்கு ஓரளவேனும் புலப்படுபவர். வதைமுகாமுக்குப் பின் இம்மூன்றையும் ஒருசேரக் கூற இயலாது என்கிறார் யோனாஸ். முதலாவதையும் மூன்றாவதையும் காத்து, வல்லமையைக் கைவிடுகின்றார். உலகைப் படைத்தபோதே அதன் போக்கில் தலையிடும் ஆற்றலைக் கடவுள் துறந்துவிட்டார். ஆஷ்விட்சில் அவர் வாளாவிருந்தது மனமின்றி அன்று, இயலாமையால் என்பதே அவரது முடிவு.

கடவுளின் நன்மையை விட்டுக்கொடாத இவ்வுறுதிக்கு நாம் தலைவணங்குகின்றோம். ஆயினும் யோனாஸ் மறுப்பது, பிற ஆற்றல்களோடு பொருது வெல்லும் பேரரசனின் வல்லமையையே. தூய தாமஸ் அக்குவினாஸ் உரைக்கும் வல்லமை வேறு. தன்னுள் முரண்படாத அனைத்தும் கடவுளால் கூடும் என்பார் அவர். சதுரமான வட்டத்தைக் கடவுளால் ஆக்க இயலாது என்பதைவிட, அஃது ஆகக்கூடாத ஒன்று என்பதே தகும். படைத்தவரின் ஆற்றல் படைப்புக்குப் போட்டியாக நிற்பதில்லை; நம் சுதந்திரத்திற்கும் அதுவே வேர். இரங்கி மன்னிப்பதில்தான் இறைவல்லமை மிகுதியும் விளங்குகின்றது என்றும் அவர் எழுதினார்.

இவ்விளக்கம் ஆஷ்விட்சின் ‘ஏன்?’ என்ற வினாவைத் தீர்ப்பதில்லை. தீர்த்துவிட்டதாக நாம் நடிக்கவும் கூடாது. ‘எல்லாம் இறைசித்தம்’ என்று அவசரமாக உதிர்க்கும் நம் ஆறுதல் மொழிகளை யோனாஸ் கண்டிப்பாராயின், அது நமக்குத் தேவையானதே. ஆனால் அவரிடம் ஒன்று கேட்கவேண்டியுள்ளது. ஆற்றல் துறந்த கடவுள் நம்மோடு அழக்கூடும். இறந்தோரை அவர் எழுப்புவாரோ? கொலைஞரின் செயலே இறுதியாகுமெனில், கொல்லப்பட்டோருக்கு நீதி எங்கே?

சிலுவையில் கடவுள் நம் வலுவின்மையை ஏற்றார்; மூன்றாம் நாளில் அச்சிலுவை முடிவன்று எனக் காட்டினார். இவ்விரண்டையும் பிரிக்காது அறிக்கையிட்டால், ‘எல்லாம் வல்லவர்’ என்னும் சொல்லை இழவு வீட்டிலும், தாழ்ந்த குரலிலேனும், நாம் சொல்லலாம்.